டென்மார்க்காரர் சுற்றிய முட்டை

மெல்பேர்ண், 1976

கோபம் ஆறாத என் மனைவிக்கு,

"உங்களோடை ஒரு பின்னேரம் சிரிச்சுக் கதைச்ச மனுசர் ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டுத்தானே என்னோடு விமானம் ஏற மறுத்தீர். இப்போது ஒருவர் இருக்கிறார். டென்மார்க் நாட்டு அணு விஞ்ஞானி. இங்கே பல்கலைக்கழகத்தில் பேச வந்தவர்.

அணுக்கருவை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அது சுழலும் விதத்தை வைத்து அதன் வடிவத்தைக் கண்டுபிடிப்பதே அவருடைய வாழ்நாள் வேலை. பேச்சு முடிந்ததும் நான் எழுந்து, அவர் கணக்கில் ஒரு பிழை என்றேன். மண்டபமே முறைத்தது. அவர் கரும்பலகையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மிச்சப் பிழைகளைச் சாப்பிட்டபடி கேட்கிறேன். உங்கள் வீட்டில் என்ன சாப்பாடு?"

முட்டைதான் இருந்தது. அவசரத்தில் அவித்ததையும் அவிக்காததையும் கலந்துவிட்டேன். அவர் ஒவ்வொன்றாக மேசையில் சுற்றிவிட்டார். அவித்தது பம்பரமாகச் சுழன்றது, மற்றது தள்ளாடியது.

"உடைக்கத் தேவையில்லை. மண்டபத்தில் உங்களையும் இப்படித்தான் சுற்றிவிட்டுப் பார்த்தேன். வெளியேதான் ஓடு, உள்ளே இளக்கம்" என்றார்.

வயிறு நோகச் சிரித்தேன். ஓம், நான்தான்.

ஆனாலும் என் ஆராய்ச்சியைக் கிடப்பில் போட்ட கொழும்புப் பேராசிரியரை மட்டும் மன்னிக்க மாட்டேன். அதை எதிர்பார்க்க வேண்டாம்.

வீட்டில் உட்கார ஒரே கதிரை என்பதால் அவர் என் பெட்டியின் மேல் குந்தியிருந்து சாப்பிட்டார். மறுநாளே இன்னொரு கதிரை வாங்கி, ஜன்னலோரம் போட்டேன். தையல் வேலைக்கு அங்கே நல்ல வெளிச்சம் விழுகிறது. நான் தைப்பதில்லை என்பது உமக்குத் தெரியும்.

உம்முடைய
சண்டைக்காரன்