முக்காடில்லாத சாட்சி

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

மும்பையிலிருந்து தெபோராள் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இடுப்பு வலி தேவலையா? போனில் சொன்னால் அழுவீர்கள், அதனால்தான் கடிதம்.

புற்றுக்கு ஏற்றுகிற மருந்தில் என் முடி மொத்தமும் கொட்டிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் அச்சு அசல் உங்கள் அண்ணன்தான். இன்று சபையில் சாட்சி சொல்ல எழுந்தபோது முக்காடு நழுவியது. பக்கத்திலிருந்த கிரேஸ் அக்கா பதறிவிட்டாள்.

"மூடும்மா, எல்லாரும் பாக்குறாங்க!"

"பாக்கட்டும்க்கா. வேதத்துல சொன்னபடி என் தலைமுடிய ஒண்ணொண்ணா எண்ணிக்கினு இருந்த ஆண்டவருக்கு இப்பதான் கொஞ்சம் ஓய்வு."

போதகரே சிரித்துவிட்டார். முக்காட்டைப் போடாமலே, "கர்த்தர் என்னைப் பொழைக்க வெச்சுட்டாரு" என்று சாட்சி சொன்னேன்.

"பொழைச்சப்புறம் சொல்றதுதாம்மா சாட்சி" என்றார் அவர்.

"அப்பவும் வந்து சொல்றேன் பாஸ்டர்."

அதனால், கடைசிக் காலத்திலாவது காஞ்சிபுரத்தில் கூட இரு என்று இனி எழுதாதீர்கள். இது கடைசிக் காலமில்லை. வைத்தியம் முடித்துத்தான் வருவேன்.

மோர்மிளகாய் அனுப்புங்கள். தறிச் சத்தத்தையும் போனில் பிடித்து அனுப்புங்கள், அறை ரொம்ப அமைதியாக இருக்கிறது. விடுதி அடுப்பில் சாம்பார் பொங்குகிறது, ஓடுகிறேன்.

ஊருக்கெல்லாம் நெய்கிறீர்களே, கிறிஸ்துமஸுக்கு எனக்கும் ஒரு பட்டு நெய்து வையுங்கள். சவப்பெட்டியில் படுக்கிறவளுக்கு உடுத்துகிற வெள்ளை வேண்டாம். நல்ல அரக்குச் சிவப்பு.

உங்கள்,
தெபோராள்