பன்றிக்கு வைத்த கம்பி

மாப்ளே,

ரோமம் பொசுங்கும் நாற்றம் காலையிலிருந்து அறையைவிட்டுப் போகவில்லை. ஜன்னலைச் சாத்தியும் பயனில்லை. பின்பக்கம் வைக்கோலைக் கொளுத்திக் காட்டுப்பன்றியை வாட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அல்லவா, ஹவுஸ் ஓனர் வீட்டில் கறி விருந்து. பிள்ளைப்பாக்கம் தாண்டி நாம் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த அதே அறையில்தான் நான் இன்னும் இருக்கிறேன். அதே ஓனர். நீ போன பிறகு ஒரு மழைக்காலம் வந்து போய்விட்டது.

வேட்டையைப் பற்றி நீ பேசாத நாள் உண்டா? வரலாறு படித்துவிட்டு கார் கம்பெனி லைனில் சீட் மாட்டிக்கொண்டிருந்தவன் நீ. கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடியே குகை ஓவியத்துக்குப் போய்விடுவாய். கல்லோடு துரத்தியவன், ஈட்டியும் வலையும் நாயுமாகப் போனவன், காட்டைக் கலைக்க ஆள் வைத்துவிட்டு யானைமேல் உட்கார்ந்திருந்த ராஜா, செத்த புலிமேல் பூட்ஸ் காலை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்ட துரை என்று ஒவ்வொருவராக வருவார்கள். எனக்கு அத்தனை பேருமே அருவருப்புதான். சொன்னால் சண்டைக்கு வருவாய்.

"எல்லாரையும் ஒரே தட்டுல வைக்காதல. மொத வேட்டைக்காரனுக்கு அது மூச்சு விடுத சத்தம் கேட்டிருக்கும். அவன் அசந்தா அது அவனக் கொன்னுரும். பொறவு வந்தவனுவ ஒவ்வொருத்தனும் ஒரு எட்டு தள்ளித் தள்ளி நின்னுக்கிட்டானுவ. அம்புட்டுதான் சரித்திரம்."

பன்றியோடு மோதிச் செத்தவனுக்கு அந்தக் காலத்தில் ஊர்கூடிக் கல் நட்டார்கள் என்றும் சொல்வாய். அதைச் சொல்லும்போது மட்டும் உன் குரலில் ஒரு மரியாதை வந்துவிடும்.

இங்கே துப்பாக்கிகூட வேண்டியதில்லை. கம்பெனிகளுக்குப் போக மிஞ்சிய வயலில், முழங்காலுக்குக் கீழே ஒரு கம்பி இழுத்துக் கட்டுகிறார்கள். இருட்டியதும் கொக்கி போட்டு அதில் திருட்டு கரண்ட் விடுவது, விடிந்ததும் போய் விழுந்ததை அள்ளிக்கொண்டு வருவது. வேட்டைக்காரன் வீட்டில் போர்த்திக்கொண்டு தூங்குவான். முதன்முதலாக அந்தக் கம்பியைப் பார்த்தபோது, "தூ, இதுக்குப் பேரு வேட்டையால?" என்று காறித் துப்பினாய். வேட்டை விஷயத்தில் நாம் ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

நைட் ஷிஃப்ட் முடிந்து வரப்பில் குறுக்கே வரும் நம் ஆட்களிடம் ஒரு கணக்கு உண்டு. பம்புசெட் பல்பு அணைந்திருந்தால் ஊரில் கரண்ட் இல்லை, அப்போது கம்பியிலும் இருக்காது. நானும் அதை நம்பித்தான் எத்தனையோ முறை தாண்டியிருக்கிறேன். நீ செத்த அன்றும் விடியற்காலையில் ஊரில் கரண்ட் இல்லை.

உன்னைக் கம்பெனி ரோட்டு விளக்குக் கம்பத்தடியில்தான் பார்த்தோம். குடித்துவிட்டுக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தான் என்று ஊர் சொன்னது. அவன் குடிக்கவே மாட்டான் என்று நான் கத்தினேன், யார் கேட்டார்கள்? ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் உன் அப்பா, உங்கள் ஊர்க் கல்லறையில் குனிந்த தலை நிமிரவில்லை. யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

இன்று மத்தியானம் ஓனர் நல்ல போதையில் கூப்பிட்டார். இலையில் எனக்கு ஒரு பங்கு.

"இன்னாபா, துன்ன மாட்டியா? ரொம்பத்தான் சீன் போட்ற."

"வேண்டாம்ணே. இந்தக் கம்பி வைக்கிறத விட்டுருங்க. யாராவது செத்துருவாங்க."

அவர் சிரித்தார். "அதான் ஒர்த்தன் பூட்டானே, உன் ஃப்ரெண்டு. ஊர்ல கரண்ட் இல்லன்னு நென்ச்சிக்கினு கையால கம்பிய சுருட்டிகிறான். நாங்க ரோட்டு கம்பத்துலேந்து இல்ல கரண்ட் எட்த்து வுட்டிருந்தோம், அது கம்பெனி லைனு, எங்க நிக்கப்போவுது? அங்கியே ஒரு பன்னியும் வுழுந்து கெடந்துச்சு. மொதல்ல பன்னிய எட்த்தாந்துட்டு, அப்பால அவன கம்பத்தாண்ட தூக்கினு போய் போட்டுட்டுத்தான் போன் பண்ணோம். போலீஸ் வந்தா கறியும் பூட்டிருக்கும்ல?"

அப்புறமும் என்னவோ சொன்னார். சொல்லிவிட்டு எலும்பை உறிஞ்சினார்.

நீ எதற்காகச் சுருட்டினாய் என்று எனக்குத் தெரியும். உனக்குப் பின்னால் அதே வரப்பில் வருகிறவர்களின் காலில் மாட்டக் கூடாது என்பதற்காகத்தான். பன்றி குத்திச் செத்தவனுக்குக் கல் கிடைத்தது. உனக்குக் குடிகாரன் என்ற பெயரைக் கொடுத்துவிட்டு இவர்கள் பன்றியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். மனிதப் பிறவிகளா இவர்கள்?

அங்கிருந்து எழுந்து வந்து உன் அப்பாவுக்கு போன் செய்தேன். நீ செத்த விதத்தில் ஒன்றையும் மறைக்கவில்லை. நாளைக்கே ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன்.

"அப்பம் எம்புள்ள குடிக்கல."

"குடிக்கலப்பா."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "அந்தப் பன்னிய என்னய்யா செஞ்சாங்க?" என்று கேட்டார்.

சிக்னல் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன். ஓனர் கடைசியாகச் சொன்னதை அவரிடம் எந்த வாயால் சொல்வது? "அத உப்புக்கண்டம் போட்டோம்பா. நீ ஊர்லேந்து திரும்பி வந்த அன்னிக்கி, ஆட்டுக்கறின்னு ஒரு டப்பால குட்த்தேனே, அதான் அது."

உன்னை மண்ணில் வைத்துவிட்டு வந்து, இந்த அறையில் தனியாக உட்கார்ந்து, உன்னை நினைத்து அழுதுகொண்டே அதைத் தின்றேன், மாப்ளே. ருசியாக இருந்தது.