மாப்பிள்ளை கேட்ட கேள்விக்கு

வில்லாபுரம், மதுரை
12.8.2001

அன்புள்ள மாப்பிள்ளை மெர்வினுக்கு,

மஸ்கட் வெயிலில் ஆண்டவர் உங்களுக்கு நல்ல சுகம் தரட்டும். வியாழக்கிழமை விடியற்காலை ஐரினுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. சுகப்பிரசவம். குழந்தைக்கு உங்கள் நெற்றி. மாமா பல தடவை போன் செய்தும் நீங்கள் எடுக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

மாமியார் எழுதுகிற விஷயமா இது என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். எனக்கும் கை கூசுகிறது.

மாசமாக இருந்தபோது எடுத்த பரிசோதனையில் ஐரின் ரத்தத்தில் மஞ்சள்காமாலை 'பி' கிருமி இருப்பதாக லேப்பில் சொன்னார்கள்; ஆண் பெண் உறவாலும் தொற்றுகிற கிருமியாம். அதற்குப் பிறகு டி. கல்லுப்பட்டியில் உங்கள் அம்மா அவள் தட்டையும் டம்ளரையும் தனியே வைத்தார்கள்; கடைசியில் அவளையே இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். நீங்கள் போனில், "யார்கிட்ட இருந்து வந்துச்சு?" என்று அவளிடம் கேட்டீர்களாம். அதன்பின் பேசவில்லை. "எனக்கே தெரியலையேம்மா, நான் என்னன்னு சொல்ல?" என்று அவள் என்னிடம் அழுதாள்.

அந்தக் கேள்வியை நானே டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் ஐரினுக்கு இன்னொரு ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்த்துவிட்டு, இது சமீபத்தில் தொற்றியது போலில்லை, பல வருஷமாக உடம்பில் இருந்திருக்கும் என்றார். "உங்களுக்குப் பார்த்திருக்கா?" என்று என்னைக் கேட்டார். தையல் டீச்சராகத் தினமும் பள்ளிக்கூடம் போய்வருகிறேன், எனக்கு என்ன வியாதி இருக்கப்போகிறது என்ற நினைப்பில்தான் கையை நீட்டினேன்.

எனக்கும் இருக்கிறது, மாப்பிள்ளை. பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போய்விடுமாம். இவளுக்கும் அப்படித்தான் வந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. எனக்கு எப்படி வந்தது என்று அவராலும் சொல்ல முடியவில்லை. லேப் வாசலில் உங்கள் மாமாவை நிமிர்ந்து பார்க்க முடியாமல் நின்றேன். இந்த வயதில் புருஷன் முன்னால் அப்படி நிற்கும்படி ஆயிற்று. அவர் ஒன்றும் கேட்கவில்லை. "வெயிலா இருக்கு, நிழல்ல நில்லு. ஆட்டோ கூட்டிட்டு வாரேன்" என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் உங்கள் வீட்டுக்குப் போனேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருக்கட்டும் என்று அவர்கள் முன்னாலேயே, "அது என்கிட்ட இருந்துதான் போயிருக்கு. எம்மக மேல ஒரு தப்பும் இல்ல" என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன். உங்கள் அம்மா நான் தண்ணீர் குடித்த டம்ளரை விரல் நுனியால் எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தார்கள். பஸ்ஸில் யாரையும் பார்க்காமல் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து வந்தேன்.

பிறந்த அன்றே குழந்தைக்கு இரண்டு தொடையிலும் ஊசி போட்டாயிற்று. மாமாதான் ஐஸ் போட்ட பிளாஸ்கில் மருந்தை வைத்து ஓடிவந்தார். மீதித் தடுப்பூசிகளையும் தவறாமல் போட்டால் பெரும்பாலும் பிள்ளைக்கு வராது என்கிறார்கள். நீங்களும் அங்கே ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். உங்களுக்கு இல்லையென்றால் ஊசி போட்டுக்கொண்டால் போதுமாம். சேர்ந்து சாப்பிடுவதால் இது வராதாம்.

ஆஸ்பத்திரியில் பிறப்பைப் பதிய அப்பா பெயர் கேட்டார்கள். சொல்லலாமா என்று கேட்கிற மாதிரி ஐரின் என் முகத்தைப் பார்த்தாள். நான்தான் உங்கள் பெயரைச் சொன்னேன்.

கோபத்தையெல்லாம் என்மேல் வைத்துக்கொள்ளுங்கள். நான் உங்கள் வீட்டுப் படி ஏறக்கூடாது என்றாலும் சரி. ஞானஸ்நானத்துக்குப் பெயர் வேண்டும்; இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். நீங்களே ஒரு பெயர் சொல்லுங்கள். எனக்கு எழுத வேண்டாம். ஐரினுக்குப் போன் செய்து, அவளிடம் சொல்லுங்கள்.

மாதா உங்களைக் காப்பாற்றட்டும்.

உங்கள் மாமியார்
சகாயமேரி சவரியப்பன்