அழிக்க வேண்டாம்

இன்று காலை வகுப்புக்குள் நுழைந்து டஸ்டரைக் கையில் எடுத்தேன். கரும்பலகையில் ஒரு மாணவி பாதிக் கணக்கைப் போட்டுவிட்டு, கீழே கட்டம் கட்டி ‘அழிக்க வேண்டாம்’ என்று எழுதியிருந்தாள். சாக்பீஸ் தூள் மூக்கில் ஏறியது. உன் ஞாபகம் வந்தது. வரச்சொல்லி நான் கேட்கவில்லை.

ஆய்வு மாணவர்களாக ஒரே அறையில் இருந்தபோது நமக்கும் அந்தப் பழக்கம் உண்டு. முடியாத கணக்கைப் போர்டிலேயே விட்டு அப்படி எழுதிவைப்போம். அறையைக் கூட்ட வரும் அம்மாகூடக் கைவைக்க மாட்டார். குவாண்டம் துகள்கள் பல சேர்ந்த ஓர் அமைப்பில், ஒரு துகளிடம் கொடுத்த தகவல் மற்றவற்றுக்கு எப்படிப் பரவுகிறது, அமைப்பு வெளிச்சூழலோடு உரசும்போது அதில் எவ்வளவு கசிகிறது என்பதுதான் நம் கணக்கு. கசிந்தது தொலைந்தது என்றேன் நான். கடலோர மீமிசல்காரன் நீ சிரித்தாய்.

“போட்டுலேருந்து டீசல் சிந்துனா கடல்ல இல்லாமயா போயிரும், மாப்ள? அங்கிட்டு கொஞ்சம் இங்கிட்டு கொஞ்சம் கெடக்கும். ஒன்னால அள்ள முடியாது, அம்புட்டுத்தான்.”

அந்தக் கசிவை அளக்க எனக்கு ஒரு வழி கிடைத்தது. பத்து நாள் அது போர்டில் இருந்தது. சில மாதங்களில் வேற்றூர்க் குழு ஒன்று அதே வழியைக் கட்டுரையாக வெளியிட்டது. மூன்று வருட உழைப்பு போனது. உன்னைத் தவிர யாரிடமும் நான் அதைப் பேசியதில்லை. கேன்டீனில் எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

“யாருகிட்டடா சொன்ன?”

“நான் சொல்லலடா. அப்ப நடந்த செமினாருக்கு வந்த வெளியூர்க்காரங்க பூராம் நம்ம ரூம்லதான டீ குடிச்சாங்க? போர்டு கண்ணு முன்னாடி கெடந்துச்சு. கசிவப் பத்திப் படிக்கிறவன் பேசுற பேச்சா இது?”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. பதினெட்டு வருடம் உன்னோடு பேசவில்லை.

போன மாதம் நீ இறந்த செய்தியையும், நம் சண்டை தெரிந்ததால், யாரும் நேராகச் சொல்லவில்லை. ஒருவன் வாட்ஸ்அப்பில் உன் பழைய படத்தைப் போட்டான். இன்னொருவன் போனில், “மீமிசல் போறேன், வாரியா?” என்றான், எதற்கென்று சொல்லாமல். களைப்பாக இருக்கிறது என்றேன். மூன்றாமவன் நெஞ்சுவலி என்று இழுத்தான். எவனிடமும் முழுதாக இல்லை. சேர்த்துப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன். நீ சொன்ன டீசல்தான்.

இன்று அந்தக் கணக்கை அழிக்கவில்லை. மிச்சமிருந்த ஓரத்தில் பாடம் நடத்தினேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுதமாட்டேன். ஒருமுறையாவது நீ வீடு தேடி வந்திருக்கலாம்.

ஆனால் செமினார் அன்று காலை நீ ஒரு பழைய போஸ்டரை எடுத்து வந்து, “போர்ட மூடிருவமாடா?” என்று கேட்டாய். “பாக்கட்டும்டா, யாரு போட்டதுன்னு தெரியட்டும்,” என்றேன். கேன்டீனில் அதை நீ சொல்லியிருந்தால் என் வாய் அங்கேயே அடைத்திருக்கும். சொல்லவில்லை. பிறகும் யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் ஒருவன்கூட அதை என்னிடம் கேட்டதில்லை.

நம்மிடமிருந்து கசியாத ஒரே தகவல் அதுதான். இனி அது என்னிடம் மட்டும் இருக்கிறது.