ஒரே தட்டு

யூலை, செவ்வாய்க்கிழமை

குஞ்சு, இன்று பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு விறாந்தையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே ரீச்சர், கிணறு வெட்டியபோது கிடைத்த கல் ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். கல்லுக்குள் ஒரு சிப்பி. கோடி வருசத்துக்கு மேல் பழசாம். இங்கெல்லாம் அப்போது கடலாம். விளக்குமாற்றோடு நின்ற என் காலடியில் மீன் ஓடுவது போல இருந்தது.

பிறகு சொன்னார், "நாங்கள் நிக்கிற நிலமும் பெரிய பெரிய தட்டுகளாப் பிரிஞ்சு நகருது, பிள்ளையள். நகம் வளருற வேகந்தான்."

"அப்ப ஒருநாள் இந்தியாவுக்கு நடந்தே போகலாமோ, ரீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். வகுப்பே சிரித்தது.

எனக்குக் கை ஓடவில்லை. உன்னைச் சேமக்காலையில் அடக்கி எட்டு மாதம். எட்டு மாதத்தில் நகம் எவ்வளவு வளரும்? பெற்றவளை விட்டு நீ அவ்வளவு தூரம் விலகிவிட்டாயோ என்று பயந்துபோனேன். பாடம் முடிய ரீச்சரை மறித்தேன்.

"ரீச்சர், கொழும்புத்துறைச் சேமக்காலையும் எங்கடை வீடும் வேறை வேறை தட்டோ?"

ரீச்சர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்தார்.

"இல்லை அக்கா, ஒரே தட்டுத்தான். இந்தியாவும் அதிலைதான். எல்லாம் சேர்ந்துதான் போகுது."

அதன் பிறகுதான் சோறு இறங்கியது.

இப்போது பாயில் கிடந்து எழுதுகிறேன். நிலம் பெரிய வள்ளம் போல மெல்லப் போகிறது. ஒரு பக்கம் நான், மற்றப் பக்கம் நீ. ஆட்டமே இல்லை. எந்தக் கரைக்குப் போகிறோம் என்று உனக்காவது தெரியுமா, குஞ்சு?