பொன்னுமணிக்கு ஒரு கல் உப்பு

12-7-82, திங்கள்
நான் வளர்த்த என் அண்ணன் மகள் பொன்னுமணியை அவள் மாமியார் ஜக்கம்மாள் மலையிலிருந்து ஜீப்பில் கொண்டுவந்து, மூட்டை மாதிரி என் வாசலில் இறக்கினாள். "ஒங்க அண்ணன் மக உப்புத் திருடி. சட்டிக்குள்ள கையவிட்டு அள்ளித் திங்கிறா. கரிக்கட்டையாவும் ஆயிட்டா. நீங்களே வச்சுக்கங்க."

நாக்கா அது? முருகா, அவ கொண்டையப் பிடிச்சு...

வெயிலே இறங்காத ஏலக்காட்டு நிழலில் வேலை பார்க்கிறவள் எப்படிக் கறுத்தாள்? உள்ளங்கை ரேகை, பல் ஈறுகூடக் கறுப்பு. எழுந்தால் தலை சுற்றுகிறது.

20-7-82
மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். ஆடி முதல் வெள்ளி முடியும்வரை அவளுக்கு உப்பில்லாக் கஞ்சி. உப்புச் சட்டியைப் பரணில் ஏற்றியாச்சு.

22-7-82
"அத்தை, ஒரே ஒரு உப்புக்கல்லுதேன்" என்று கெஞ்சினாள். "சாமிக்கு நேந்தது, வாயக் கட்டுடி" என்று கத்தினேன்.

24-7-82, மதுரை ஆஸ்பத்திரி
நேற்று கோயில் வரிசையில் விழுந்தாள். நாடியே இல்லை. நரம்பில் உப்புத் தண்ணிதான் ஏற்றுகிறார்கள். உப்புத் தண்ணி!

27-7-82
கண் திறந்தாள். டாக்டரம்மா விளக்கினார். கிட்னி மேல் தொப்பி மாதிரி சுரப்பியாம். அதன் சாறுதான் உடம்பில் உப்பை நிறுத்துமாம். சாறு போய்ச் சேர்ந்தால்தான் மூளை 'போதும்' என்று அடங்குமாம். இவளுக்குச் சுரப்பி செத்துவிட்டது. பதில் வராததால் மூளை ஓயாமல் ஆணை அனுப்புகிறது; அந்த ஆணையைக் கொண்டுபோகும் சரக்குதான் தோலைக் கறுக்க வைக்கிறதாம்.

மேட்டில் நின்று கங்காணி கூவுவது மாதிரி. கீழே ஆளே இல்லை.

"உப்பை நிறுத்துனது யாரும்மா?" என்றார். நாந்தான்னு சொன்னேன். ஜக்கம்மாளாவது உப்புச் சட்டியத் தூக்கி ஒளிச்சு வைக்கல. நான் வச்சேன். ஏன் மாரியாத்தா, நீ கேட்டியா? நீ எங்க கேட்ட, நானாத்தானே நேந்தேன்.

13-8-82, கடைசி வெள்ளி
ஜக்கம்மாள் வந்தாள். "கறுப்பு போயிருச்சா? கூட்டிட்டுப் போறேன்."

"செத்த சுரப்பிக்குப் பதிலா டாக்டரம்மா குடுத்த மாத்திரைய ஒரு நா விட்டாலும் உசுரு போயிரும். உப்புக்கும் மாத்திரைக்கும் குறை வைக்க மாட்டேன்னு கோயில்ல வந்து சத்தியம் பண்ணு, பெறகு பேசுவோம்" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். போகட்டும்.

சாயந்திரம் அம்மனுக்குப் போட உப்பும் மிளகும் வாங்கிப் போனோம். வழியில் பொன்னுமணி உப்புப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு கல்லை எடுத்தாள். என் முகத்தைப் பார்த்துப் பயந்து திரும்ப வைத்தாள். உள்ளங்கை ரேகை லேசாக வெளுத்திருந்தது.

அந்தக் கையிலேயே ஒரு பிடி அள்ளி வைத்தேன். மீதியைத்தான் அம்மனுக்குப் போட்டோம்.