மாமாவின் பல்செட்

செப்டம்பர் 14, சனி

இன்றும் என் வீட்டுக்காரர் எல்லை தாண்டிப் போய்விட்டு வந்தார். அந்தப் பக்கம் மனிக்காவில் அரிசி மலிவாம், எண்ணெய் மலிவாம். எங்கள் முத்தாரேயில் பாதி ஊர் அதைச் சொல்லிக்கொண்டுதான் போகிறது. யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஆனால் காலையில் இவர் இங்கிருந்து ஒரு மூட்டை சோளமாவை வண்டியில் ஏற்றியதைப் பார்த்தேன். மலிவான ஊருக்கு இங்கிருந்து மாவு எதற்கு?

செப்டம்பர் 16

சந்தையில் என் பழந்துணிக் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரி லவ்னஸ். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் இவர் பயணத்தை அவளிடம் சொல்லிவிட்டேன். "சட்டையத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு எவனாவது அரிசி வாங்கப் போவானா? நீ ஒருத்தி, நம்பிக்கிட்டு" என்றாள். நானும் சிரித்து வைத்தேன்.

செப்டம்பர் 29

நீல ஸ்வெட்டரைக் காணோம். கடைக்கு வந்த மூட்டையிலிருந்து எனக்கென்று எடுத்து வைத்தது. ஒரு பித்தான் போயிருந்ததால் சிவப்புப் பித்தான் வைத்து நானே தைத்தேன்.

"தவானா அப்பா, பாத்தீங்களா?"

"துணிக்கடையே உன்னோடது. ஒண்ணு காணோம்னு என்கிட்ட கேக்குற."

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

அக்டோபர் 12, சனி

மாமா ஆகஸ்டில் படுக்கையில் விழுந்தார். இவருடைய எல்லைப் பயணமும் ஆகஸ்டில்தான் தொடங்கியது. பெற்ற அப்பா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும்போது ஒரு மனுஷனுக்கு இந்த ஆசை வருமா?

வந்திருக்கிறதே.

நவம்பர் 3

மாமா இன்று கொஞ்சம் தேறி மழாஞ்சே பழம் கேட்டார். சப்பித் தின்கிற அந்தப் பழத்துக்காகப் பல்செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். தின்று முடித்ததும் வீட்டையே புரட்டுவார். "என் பல்லை எவடி திருடினது?" அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பையில பாருங்க" என்றார். நான் இருக்கிற மனநிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நவம்பர் 9, சனி

"நானும் வர்றேன்" என்றேன்.

"வேணாம். வெயிலு."

"வெயில் எனக்கு மட்டுமா அடிக்குது?"

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பெட்டி கட்டிவிட்டேன். ருசாப்பேயில் அக்கா இருக்கிறாள். தவானாவுக்குப் பரீட்சை முடிந்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறேன். இனி ஒரு கேள்விகூடக் கேட்கப் போவதில்லை.

நவம்பர் 21

விடியற்காலையில் மாமா போய்விட்டார்.

நவம்பர் 23, சனி

அடக்கம் முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர்ச் சாவு வீட்டு வழக்கப்படி நாங்கள் மருமகள்கள் மாமாவின் சட்டையையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு அவரைப்போல நடித்துக் காட்டினோம். மருமகள் செய்தால் யாரும் கோபிக்க முடியாது. சிரித்துவிட்டுக் காசு கொடுக்க வேண்டும். நான் ஆடிக்கொண்டிருந்தபோது, முன்பின் பார்த்திராத ஒருத்தி கூட்டத்திலிருந்து வந்து என் தலையிலிருந்த தொப்பியை வாங்கிக்கொண்டாள். வாயிலிருந்து எதையோ கழற்றுவதுபோல் கழற்றிப் பையில் போட்டாள். பழம் தின்பதுபோல் வாயைச் சப்பினாள். பிறகு சுற்றிலும் ஒரு முறைப்பு. "என் பல்லை எவடி திருடினது?"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. நான் ஆட்டத்தை நிறுத்தினேன். பல்செட் கட்டியதே போன வருஷம். வெளியாள் முன்னால் மாமா அதைக் கழற்றியதே இல்லை.

இவள்தானா அவள்? இவரைப் பார்த்தேன். இவர் அவளைப் பார்க்கவில்லை. தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார், அடி வாங்கப் போகிற பிள்ளைபோல. அவளுக்குப் பின்னால் ஓர் ஆள், அசப்பில் இளவயது மாமாவேதான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வயதான பெண். அவள் மேல் என் நீல ஸ்வெட்டர், சிவப்புப் பித்தானோடு.

அத்தை எழுந்தார். சிரிப்பெல்லாம் நின்றுபோனது.

"பையில பாருங்க. எந்த வீட்ல இருந்தாலும் அங்கதான போடுவீங்க."

இடுப்புத் துணி முடிச்சை அவிழ்த்து, ஒரு காசை எடுத்து அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்து மூடினார். மருமகளுக்குக் கொடுக்கிற காசு.

நவம்பர் 24

"மனிக்காவுல இருக்குற அந்த வீட்டப் பட்டினி போட்டுறாதடான்னு அப்பா கையப் பிடிச்சுக் கேட்டாரு. அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்கன்னு நெனச்சேன்" என்கிறார்.

"எனக்காவது சொல்லியிருக்கலாமே?"

"நீ மூஞ்சியிலயே காட்டிருவ."

உண்மைதான். ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. நான் வெந்துகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு சும்மாதானே இருந்தார்? அப்பாவுக்காக இவ்வளவு அழகாகப் பொய் சொல்லத் தெரிந்தவருக்குத் தனக்காகச் சொல்லத் தெரியாதா?

அத்தையிடம் கேட்டேன், எப்போதிருந்து தெரியும் என்று.

"அவருக்குச் சொந்தப் பல்லு இருந்த காலத்துலேர்ந்து" என்றார்.

பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.

டிசம்பர் 14, சனி

எல்லையில் லாரி வரிசை நீண்டு கிடந்தது. அதிகாரி குனிந்து எங்கே போகிறோம் என்று கேட்டார். இவர் வாயைத் திறந்தார். அரிசி என்றுதான் வந்திருக்கும், பழக்கதோஷம்.

"என் ஓரகத்தி வீட்டுக்கு" என்றேன் பின் சீட்டிலிருந்து. முன் சீட்டில் அத்தை, மடியில் மழாஞ்சேக் கூடையோடு.

"டிக்கியில என்னம்மா பெட்டி?"

"எங்க மாமாவோட சட்டைங்க. அந்த வீட்டுப் பங்கு."